இடது மூக்கில் வந்த ரத்தம்

எங்கள் வீட்டில் எந்த நோய்க்கும் முதல் பெயர் சூடு. வாய்ப்புண்ணா, சூடு. கண் எரிகிறதா, சூடு. அதனால் எங்கள் நாயின் இடது மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் தரையில் விழுந்தபோது நான் யோசிக்கவே இல்லை. "சூடு லா, வேற என்ன," என்றேன். தேக்கா சந்தையில் இளநீர் வாங்கி வந்தேன். மோர் சாதம் பிசைந்து வைத்தேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணியைக்கூட நிறுத்தினேன். பத்து நாள் ரத்தம் வரவில்லை. பெரிய வைத்தியன் மாதிரி எங்கள் மார்சிலிங் அடுக்குமாடி புளோக் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

"டாக்டர்கிட்ட காட்டிடலாங்க," என்று மனைவி இரண்டு முறை சொன்னாள்.

"உனக்கு எல்லாத்துக்கும் டாக்டர்," என்று அவள் வாயை அடைத்தேன்.

மறுபடி ரத்தம் வந்தது. மறுபடி மோர். ஒருநாள் காலையில் நாய் தும்மியதில் சுவரெல்லாம் ரத்தம் தெறித்தது. அன்றுதான் பயந்தேன். டாக்சி பிடித்து, தெம்பனிஸில் ஒரு விலங்கு மருத்துவரிடம் ஓடினோம்.

டாக்டர் இளம் தமிழ்ப் பெண். ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை நாயின் மூக்கருகே பிடித்தார். வலது பக்கம் ஆவி படிந்தது. இடது பக்கம் படியவில்லை. துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார். அப்போதும் இல்லை. அந்தப் பக்கம் மூச்சே வரவில்லை.

"எத்தனை நாளா ப்ளட் வருது அங்கிள்?"

"ரெண்டு வாரமா," என்றேன். உண்மையைச் சொல்ல வெட்கம். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஸ்கேனுக்காக மயக்க ஊசி போட்டு உள்ளே தூக்கிப் போனார்கள். கழுத்துப்பட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். அது வெறுமையாக இருந்ததைப் பார்க்கவே பயமாக இருந்தது.

பிறகு டாக்டர் கூப்பிட்டார். மூக்குக்குள் கட்டி, எலும்பை அரித்துக் கண் பக்கம் போய்விட்டது, சதையைச் சோதித்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும், ஆனால் புற்றுநோய் மாதிரிதான் தெரிகிறது என்றார். "ரெண்டு வாரத்துல இவ்வளவுன்னா ரொம்ப வேகமா வளருது. ரேடியேஷன் குடுத்தாலும் கேக்குமான்னு தெரியல."

"ரெண்டு வாரம் இல்லம்மா, மூணு மாசம். சூடுன்னு நெனச்சு மோர் குடுத்துட்டு இருந்தேன்."

அவர் திட்டவில்லை. திரையில் எழுதியிருந்ததை அழித்துத் திருத்தினார். திட்டியிருந்தால் தேவலை.

மனைவியின் முகத்தில் சட்டென்று ஒரு நம்பிக்கை. "அப்போ மெதுவாத்தான் வளருதா டாக்டர்? அது நல்லதுதானே?"

"மெதுவாத்தான் வளர்ந்திருக்கு ஆன்ட்டி," என்றார். "டைம் இருந்திருக்கு."