தங்கையின் பேருந்தும் ஒரு சாம்பல் கண்ணாடியும்

என் தங்கை நகரப் பேருந்து ஓட்டுகிறாள். புதிதாக யாரிடமாவது இதைச் சொன்னால், "ஓட்டுறாளா, டிக்கெட் கொடுக்கிறாளா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஓட்டுகிறாள் என்று மறுபடி சொல்வேன். இரண்டாம் முறை சொல்லும்போது என் குரல் கொஞ்சம் ஓங்கிவிடும். அது பெருமைதான். அதை மறைக்க எனக்குத் தெரியாது.

வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். சின்ன வயதில் பேருந்தில் ஏறினால் மற்ற பிள்ளைகள் ஜன்னலோர இடத்துக்கு அடித்துக்கொள்வார்கள். இவள் நேராக முன்னால் போய், ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இவள் தோளும் அந்தப் பக்கம் சாயும். ஒருநாள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டோம். கேட்டால், "அந்தப் பெரிய வளைவை எப்படித் திருப்புறார்னு பார்க்கணும்ல" என்றாள். இருவரும் வெயிலில் நடந்து திரும்பினோம். வழி முழுக்கத் திட்டினேன். அவள் காற்றில் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டே வந்தாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்று மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போனவள். கடையின் பின்னறையில் என் மேசை. வட்டமாக வரும் வில்லையை, வாடிக்கையாளர் எடுத்த பிரேமுக்குத் தக்கபடி ஓரம் தேய்த்துப் பொருத்த வேண்டும். ஒரு முடி அளவு கூடினால் பிரேம் பிளக்கும், குறைந்தால் வில்லை ஆடும். எந்தப் பொருளையும் இரண்டு முறை அளக்காமல் தொடக்கூடாது என்ற பழக்கம் அங்கே வந்ததுதான். இங்கே எழுதுவதையும் அப்படியே எழுதப் பார்க்கிறேன்.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து எங்கள் இரண்டாம் மாடியை விட்டு இறங்கவில்லை. மகள் ஓட்டும் வண்டியில் ஒருமுறைகூட ஏறியதில்லை. அப்புறம் ஏறலாம், அப்புறம் ஏறலாம் என்று இருந்து, கடைசியில் படியே இறங்க முடியாமல் போயிற்று. அந்தச் சமயத்தில்தான் ஐந்து சாலைகள் கூடும் சந்திப்பில் ஒரு பேருந்து சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய் லாரியில் மோதியது. அது தங்கையின் வண்டி இல்லை. ஆனால் அவளும் தினமும் அந்தச் சந்திப்பைக் கடப்பவள்தான். செய்தியைக் கேட்ட நாளிலிருந்து, தங்கை வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும்வரை அம்மா தட்டில் கை வைக்க மாட்டாள்.

பணிமனை அலுவலகத்தில் எழுத்தர் இடம் ஒன்று காலியானது. வேண்டுமானால் எடுத்துக்கொள், மாதக் கடைசிக்குள் பதில் சொல் என்று மேலாளர் தங்கையிடம் சொல்லியிருந்தார்.

"அதுல போய் உட்காருடி," என்றாள் அம்மா. "உனக்காகச் சொல்லல. எனக்காகக் கேக்குறேன்."

எதற்கும் எதிர்ப்பேச்சு பேசும் வாலு அன்று தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள். அவள் டம்ளர் கழுவி நான் பார்த்ததே இல்லை. இவள் ஸ்டியரிங்கை விட்டுவிடப் போகிறாள் என்று அப்போதே நினைத்தேன்.

அவளுடைய வண்டியின் நடத்துனருக்குச் சில்லறை என்று பட்டப்பெயர். எந்நேரமும் சட்டைப்பை குலுங்கும். மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றும் ஆள் என்பதால், தலைக்கவசத்தில் மாட்டும் கேமரா ஒன்று வைத்திருந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. "அம்மாவால வர முடியலன்னா ரோட்டை வீட்டுக்கு அனுப்புவோம்க்கா" என்று அவர்தான் தங்கையிடம் சொன்னார். மேலாளரிடம் கேட்டு, முன்கண்ணாடியின் உட்புறம், பார்வையை மறைக்காத ஓரத்தில் கேமராவை ஒட்டினார்கள். நல்ல உச்சி வெயிலில் தடம் முழுவதும் படமாயிற்று.

தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தோம். அம்மா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதல் நிறுத்தத்திலேயே ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. சாலையோரக் கம்பங்கள் நழுவிப் போகாமல், ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டியதுபோலத் தாவித் தாவி வந்தன. பக்கத்தில் போன காரின் சக்கரம் நின்றது, பின்பக்கமாகச் சுற்றியது, மறுபடி நின்றது. பிறகு அந்த ஐந்து சாலைச் சந்திப்பு வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அணைந்தது. சாகப்போகும் விளக்குபோலத் துடித்துக்கொண்டே இருந்தது. பச்சை வந்தபோது அதுவும் அணைந்திருந்த நொடியில் பேருந்து நகர்ந்தது.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். போர்வைக்குள் வலது காலைக் கட்டிலில் அழுத்தியிருந்தாள், அங்கே பிரேக் இருப்பதுபோல.

"விளக்கே இல்லாமதான் போறியா?"

"அம்மா, அது கேமராக் கோளாறு. நேர்ல விளக்கு ஒழுங்கா எரியுது."

"கேமராவுக்கு உன்னைவிடக் கண்ணு நல்லா இருக்கும்டி. உனக்குத் தெரியாதது அதுக்குத் தெரியுது."

நல்லது செய்யப்போய் உள்ளதும் போயிற்று. அன்று அம்மா இரண்டு வாய்கூடச் சாப்பிடவில்லை.

வேறொருத்தியாக இருந்தால் கேமராவைத் திருப்பிக் கொடுத்திருப்பாள். வாலு அந்தப் படத்தை விடவில்லை. நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு அசைவாகப் பார்த்தாள். சில்லறை முன்பு ஒரு மாலையில் எடுத்த மோட்டார் சைக்கிள் படத்தையும் வாங்கிவந்து பார்த்தாள். அதே சந்திப்பு, அதே விளக்கு. அதில் சிவப்பு அசையாமல் எரிந்தது.

"அக்கா, வெயில் இருக்கிறப்பதான் துடிக்குது. வெளிச்சம் குறைஞ்சா துடிக்கல. ஏன்?"

"என்னைக் கேட்டா? சிக்னல்காரனைக் கேளு."

உண்மையாகவே கேட்டாள். பணிமனையில் மின் வேலை பார்ப்பவரிடம் போய் நின்றாள். அவர் சிரித்துவிட்டு, "அந்த விளக்கு அணைஞ்சு அணைஞ்சுதாம்மா எரியுது. ஒரு நொடிக்கு நூறு தடவை. நம்ம கண்ணு கண்டுக்காம விட்டுடுது" என்றாராம். அதைக் கேட்டுக்கொண்டு வந்தவள், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னாள்:

"நமக்கு வெயில் அதிகமானா கண்ணோட பாப்பா சுருங்கும்ல? இந்தக் கேமராவுக்குச் சுருங்காது. ஓட்டை எப்பவும் ஒரே அளவு. அதனால வெளிச்சம் கொட்டுனா அதுக்கு ஒரே வழி, சட்டுனு திறந்து சட்டுனு மூடுறது. ரெண்டாயிரத்துல ஒரு பங்கு நொடிதான் திறக்குது. அந்த நேரத்துல விளக்கு அணைஞ்சிருந்தா அணைஞ்சதாவே பதியுது. அது பொய் சொல்லலக்கா. அம்மா சொன்னது சரிதான். நமக்குத் தெரியாததுதான் அதுக்குத் தெரியுது."

நான் கையிலிருந்த துணியை மடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுப்படியின் மேலே எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தேன். இதுவும் அப்படித்தானா? இத்தனை வருடம் இருட்டும் வெளிச்சமுமாக மாறி மாறி விழுந்த ஒன்றின் கீழேதான் காய் நறுக்கினோமா? ஒவ்வொரு இருட்டையும் கண் சத்தமில்லாமல் தைத்து மூடியிருக்கிறது. வாழ்நாள் முழுக்கக் கண்ணுக்கு வேலை செய்கிறவள் நான். கண்ணைப் பற்றி அன்றுதான் மலைத்துப்போனேன். கண்டுபிடித்துச் சொன்னவள், அளவு பார்க்காமல் உப்புப் போடும் என் தங்கை.

"அப்போ என்ன செய்யலாம்?"

"கேமராவுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டணும். வெளிச்சம் குறைஞ்சா அது நிதானமா திறந்து மூடும், அதுக்குள்ள விளக்கு ஒரு தடவையாவது எரிஞ்சிடும். அதுக்குன்னே சாம்பல் கலர்ல பில்டர் விக்கிறாங்களாம். சில்லறையோட கேமரா பழசு, அதுக்குக் கிடைக்கல."

"கடையில ஏன் கேக்கிற? நான் எதுக்கு இருக்கேன்?"

இந்த இடத்தில் என் மூளை கொஞ்சம் அதிகமாக வேலை செய்துவிட்டது. எங்கள் கடையில் விலை கூடிய சரக்கு, வெயிலில் தானாகக் கறுத்து நிழலில் தானாக வெளுக்கும் வில்லை. தங்கைக்குக் கொடுப்பதானால் அதையே கொடுப்போம் என்று முடிவு செய்தேன். அவள் தடத்தில் உள்ள சுரங்கப்பாதை வந்தால் தானே வெளுத்துக்கொள்ளும் அல்லவா? கேமராவின் முகத்தை இரண்டு முறை அளந்து, ஓரம் தேய்த்து, பால்கனியில் வைத்துப் பார்த்தேன். அரை நிமிடத்தில் கறுத்தது. எனக்கு ஒரே பூரிப்பு.

மறுநாள் படத்தில் சிவப்பு முன்புபோலவே துடித்தது. கம்பங்கள் தாவின. ஒரு மாற்றமும் இல்லை.

"அக்கா, உன் கண்ணாடி கறுக்கவே இல்ல. வெள்ளையா முழிச்சுக்கிட்டு இருந்துச்சு."

அப்போதுதான் உறைத்தது. அந்த வில்லையைக் கறுக்க வைக்கும் புற ஊதாக் கதிரை வண்டியின் முன்கண்ணாடி தடுத்துவிடும். வண்டி ஓட்டுகிற ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும், "இது காருக்குள்ள கறுக்காதுங்க, பார்த்து வாங்குங்க" என்று சொல்கிறவளே நான்தான்.

வாலு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "ஊருக்கெல்லாம் சொல்லுவ. சொந்தத் தங்கச்சி பஸ் ஓட்டுறது மறந்துடும்."

"போதும்டி."

பிறகு சாதாரண வழிக்கு வந்தேன். பனிமலை ஏறுகிறவர்களுக்கென்று கடையில் ஒரு சாம்பல் வில்லை உண்டு. நூறு பங்கு வெளிச்சத்தில் ஆறு பங்கைத்தான் உள்ளே விடும். பழுப்போ பச்சையோ துளியும் இல்லாத சாம்பல், அதனால் சிவப்பு சிவப்பாகவே தெரியும். பவர் இல்லாத வில்லை. அதைத் தேய்த்தேன். ஆனால் சுரங்கப்பாதைக்குள் இதே கண்ணாடி இருந்தால் படம் இருண்டுவிடும். அதற்கும் கடையில் ஒரு பொருள் இருந்தது. பவர் கண்ணாடியின் மேல் மாட்டி, வேண்டாதபோது நெற்றிப் பக்கம் தூக்கிவிடும் கறுப்புக் கண்ணாடி பார்த்திருப்பீர்கள். அதன் கீலைக் கழற்றி இதில் வைத்தேன். விரலால் தட்டினால் மேலே போகும், தட்டினால் கீழே வரும். இனி தட்டுவது சில்லறையின் பொறுப்பு.

"டிக்கெட் கிழிக்கவா, கண்ணாடி தட்டவா?" என்றாராம் அவர். ஆனாலும் சுரங்கப்பாதைக்கு முந்தைய நிறுத்தத்தில் பயணிகளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்று, சரியாக வாயிலில் தூக்கி, சரியாக வெளியே வந்ததும் இறக்கியிருக்கிறார். யாரோ ஒரு பயணி, அது பேருந்து ஓடுவதற்கான விசை என்றே நினைத்துக்கொண்டாராம்.

மாதக் கடைசிக்கு முந்தைய நாள் மாலை. தொலைக்காட்சி முன்னால் மூன்று பேர். அம்மா பார்க்க மாட்டேன் என்றாள். நான் தலையணையை நிமிர்த்தி வைத்தேன். தங்கை நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

படம் ஓடத் தொடங்கியது. கம்பங்கள் தாவவில்லை. ஒவ்வொன்றும் தூரத்தில் கம்பமாகத் தெரிந்து, கிட்டே வர வர இளகி, ஒரு கோடாக நீண்டு எங்களைக் கடந்து போயிற்று. சக்கரங்கள் சுற்றின, சக்கரம் சுற்றுவதுபோல. ஒரு நீரூற்று வந்தது. போன தடவை கண்ணாடிச் சில்லுகளாகக் காற்றில் தொங்கிய தண்ணீர், இப்போது துணிபோல விழுந்தது. நான் அந்தச் சாலையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அது இவ்வளவு மிருதுவாக நகர்வதை ஒருநாளும் கவனித்ததில்லை. ஒரு துண்டு மங்கல் கண்ணாடி, வெளிச்சத்தில் பெரும்பங்கைத் தடுத்துவிட்டு, உலகத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்திருந்தது.

ஐந்து சாலைச் சந்திப்பு வந்தது. அம்மாவின் கால் போர்வைக்குள் நகர்வது தெரிந்தது.

சிவப்பு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. வட்டமாக, அமைதியாக, ஒரு துடிப்புகூட இல்லாமல். பேருந்து அதற்கு வெகு முன்பே வேகம் குறைந்து, யாரோ தொட்டிலை நிறுத்துவதுபோல நின்றது. கைத்தடியோடு ஒரு பெரியவர் குறுக்கே நடந்தார். பாதியில் அவருடைய தொப்பி விழுந்தது. குனிந்து எடுத்தார். நிதானமாகத் தூசி தட்டினார். அதற்குள் பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன்கள் கத்தின. தங்கையின் பேருந்து அசையவில்லை. பெரியவர் நடைபாதையில் ஏறும்வரை, தொப்பியைத் தலையில் வைக்கும்வரை அசையவில்லை.

அம்மா கண்ணை மூடவில்லை. அவளுடைய கால் எப்போதோ அழுத்துவதை விட்டிருந்தது. திரையைப் பார்த்தபடியே, மெல்ல, பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வதுபோல, "இப்போ போ" என்றாள்.

பேருந்து நகர்ந்தது.

படம் முடிந்ததும் தங்கை எழுந்து, கேமராவின் கண்ணாடியைத் துடைத்தபடி, அம்மாவைப் பார்க்காமலே சொன்னாள்: "ஆபீஸ் வேலைக்கு நாளைக்குப் பதில் சொல்லணும்மா."

"சொல்லு. என் பொண்ணுக்கு உட்கார்ந்த இடத்துல வேலை ஒத்துவராதுன்னு சொல்லு."

"பஸ்லயும் உட்கார்ந்துதானேம்மா இருக்கேன்."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல," என்று அம்மா என் பக்கம் திரும்பினாள். "தட்டு எடுத்துட்டு வா, பசிக்குது. சாப்பிட்டுக்கிட்டே பார்க்கிறேன், அந்தப் பெரியவர் வர்ற இடத்தை இன்னொரு தரம் போடு."

தங்கை திரும்பி நின்று, கண்ணாடியை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் தூசி ஒன்றும் இல்லை. நான் அன்று காலைதான் துடைத்து வைத்திருந்தேன்.