நான் விழுங்கிய ஒன்று

எண்ணின் இலக்கங்களைக் கூட்டி அதற்கு ராசி பார்க்கும் வழக்கம் எனக்கு அருவருப்பு. திரேஸ்புரத்தில் புதுப்படகுக்குப் பதிவெண் வந்தால், இயந்திரம் ஓடுகிறதா என்று பார்க்குமுன் கூட்டெண் எட்டா என்றுதான் பார்க்கிறார்கள். எட்டு வந்துவிட்டால் இழவு வீட்டு முகங்கள். ஆகவே, ஊர் மன்றமொன்று ‘எண்களுக்கு அதிர்ஷ்டம் உண்டா?’ என்று சொற்போரின் இறுதிச் சுற்றுக்குத் தலைப்புக் கொடுத்தபோது, ‘இல்லை’ என்னும் அணிக்கு நானே வலியப் போனேன். கோப்பை எனக்குத்தான் என்பதில் ஐயமே இல்லை.

உரையின் உச்சத்துக்கு ஓர் எண்ணை வைத்திருந்தேன். ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாக எழுதி, முடிவில் மீண்டும் ஓர் ஒன்று: நூற்று இருபத்துமூன்று கோடியே நாற்பத்தைந்து லட்சத்து அறுபத்தேழாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்று. ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத பகா எண். எண்ணின் மெய்யான குணம் இதுவல்லவா என்று கேட்பது என் திட்டம். ஆனால் ஒத்திகையில் அந்தக் கடைசி ஒன்று ஓசையைக் கெடுத்தது. ‘ஒன்று முதல் ஒன்பது வரை!’ என்று நிறுத்தினால் அரங்கம் அதிரும். மேடையில் தெரிந்தே அங்கு நிறுத்தி, அதையே பகா எண் என்று முழங்கினேன். அரங்கம் அதிர்ந்தது.

இரண்டாம் வரிசையிலிருந்து ஐஸ் கம்பெனி அண்ணாச்சி ஒருவர் எழுந்தார்.

“தம்பி, நீ சொன்னதக் கூட்டுனா நாப்பத்தஞ்சு வருது. நாலும் அஞ்சும் ஒம்பது. அப்ப ஒம்பதால வகுபடும்லா? பள்ளிக்கூடத்துல அப்படித்தான சொல்லித் தந்தாவ?”

சரியான கணக்கு. நான் காறி உமிழ்ந்த அதே கூட்டல் என் பொய்யைப் பிடித்துவிட்டது.

நடுவர் ஒலிவாங்கியை இழுத்தார். “அண்ணாச்சி, இது ஜோசியக் கடை இல்ல. உக்காருங்க.”

“ஏலே, அண்ணாச்சி பகா எண்ணுக்கும் ராசிக்கல் மோதிரம் போடச் சொல்லுதாருலே!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு கூரையைத் தொட்டது. அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி அமர்ந்தார்.

‘அவர் சொல்வதே சரி.’ மூன்று சொற்கள். சொன்னால் கோப்பை போகும். எனக்கு இரண்டு நிமிடம் மீதமிருந்தது. அதில் பகுத்தறிவைப் பற்றிப் பேசினேன். என் குரல் கணீரென்று ஒலித்தது.

கோப்பையோடு வெளியே வந்தபோது அவர் தம் வண்டியருகே நின்றிருந்தார்.

“கூட்டெண் ஒம்பதுலா, தம்பி. கப்பு வராம போவுமா?”

கேலியா வாழ்த்தா என்று விளங்கவில்லை. அவருக்கு மட்டும் கேட்கும்படி, “நீங்க போட்ட கணக்கு சரிதான் அண்ணாச்சி” என்றேன்.

“அது எனக்குத் தெரியும்லே. அங்கன மைக்குல சொல்லிருக்கலாம்லா?”

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நான் திரும்பி அரங்குக்குள் ஓடினேன். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒலிவாங்கியைக் கழற்றிச் சாக்கில் கட்டியாகிவிட்டது, கேட்பதற்கும் ஆளில்லை.