கதவுப் பலகையில் ஓடிய ரயில்

எங்கள் வீட்டு ரயிலுக்கு எஞ்சின் இருந்தது. ஆனால் அதை இழுத்தது நூல். திருகோணமலை அன்புவழிபுரத்து வீட்டின் நடு அறையில், இரண்டு கதிரைகளின் மேல் பழைய கதவுப் பலகை ஒன்றைக் கிடத்தி, அப்பாவும் நானும் அந்தப் பாதையைப் போட்டோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. சண்டையால் ரயில் நின்றுபோயிருந்தது; ஓடுகிற ரயிலை நான் கண்டதேயில்லை. அப்பா அதற்கு முன் ரயில் பாதையில் வேலை செய்தவர். சிலிப்பர் கட்டைகளுக்கு அடியில் கல் இறுக்குவதுதான் அவருடைய வேலை. ரயில் நின்றதும் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார்.

உடைந்த குடைகளின் கம்பிதான் தண்டவாளம். தீக்குச்சி சிலிப்பர் கட்டை. மீன் அடைத்த ரின்னின் தகரத்தை வெட்டி மடித்துப் பெட்டிகள் செய்தோம். வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். அப்பா செங்கல்லைப் பயறளவுக்கு உடைத்து, நுனி தட்டையாக்கிய ஆணியால் ஒவ்வொரு தீக்குச்சிக்கு அடியிலும் இறுக்கினார். நூலில் போகிற தகரத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று அம்மா கேட்டால், “கல் பிடிக்காத கட்டையில ரயில் துள்ளும்” என்பார்.

“தகப்பனும் மகனும் கந்தளாய் போய்ச் சேர முதல் சோறு ஆறிப்போம்” என்பாள் அம்மா.

திருகோணமலையில் தொடங்கி, சீனக்குடா, தம்பலகாமம், கந்தளாய். நடுவில் ஒரு பாலம். கந்தளாயோடு பலகை முடிந்துவிட்டது.

பாதை முடிந்ததும் எனக்கு ஒரு குறை தெரிந்தது. அப்பாவின் சைக்கிள் பாரில் பள்ளிக்கூடம் போகும்போது நான் அன்றாடம் பார்க்கிற ஒன்று அதில் இல்லை. இராணுவக் காவலரண், நாங்கள் சென்ரி என்போம். விரல் நகமளவு துணிப் பைகள் தைத்துத் தரும்படி அம்மாவை நச்சரித்து, மண் நிரப்பி அடுக்கி, ஸ்ரேசன் வாசலில் ஒன்றும் பாலத்தடியில் இரண்டுமாகப் பசை போட்டு ஒட்டினேன்.

“இதெல்லாம் அந்த நேரம் இல்லை, தம்பி” என்றார் அப்பா.

“இப்ப இருக்குத்தானே. நீங்களும் பாக்கிறனீங்கள்தானே.”

“நாங்கள் போட்டது ரயில் ஓடின காலத்துப் பாதையெல்லோ.”

“கண்ணால கண்டதைத்தான் படமாக் கீற வேணும் எண்டு சேர் சொன்னவர்.”

எங்கள் பரம்பரையில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ‘சேர் சொன்னவர்’ என்ற பிறகு அப்பாவிடம் மறுகதை இராது. “சரி, இருக்கட்டும்” என்றார். முகம் மட்டும் சரி என்று சொல்லவில்லை.

இரண்டு கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, கிணற்றடியிலிருந்து அம்மா வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். சுற்றிவளைப்பு. ஆமிக்காரர் வீடு வீடாகத் தேடிக்கொண்டு வருகிறார்களாம். முந்தின மாதம் முன் ஒழுங்கையிலிருந்த ஓர் அண்ணனை, கொப்பியில் பாலமொன்றைக் கீறி வைத்திருந்ததற்காக ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவர் இன்னும் திரும்பவில்லை. அது எனக்குத் தெரியும். அதற்கும் எங்கள் பலகைக்கும் தொடர்பு உண்டென்றுதான் தெரியாது.

அப்பா நேரே பலகைக்குப் போய் மூன்று சென்ரிகளையும் பிய்த்து எடுத்தார். அம்மா அவற்றை வாங்கிக் குசினிக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் பொங்கின. வாய்க்கதையில் தோற்றவர், இந்தக் குழப்பத்தைச் சாட்டாக வைத்துத் தன் காரியத்தை முடித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

ஆமிக்காரர் இருவர் வந்தார்கள். ஒருவர் வாசலில் நிற்க, வயது குறைந்தவர் உள்ளே வந்து அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டுப் பலகைக்கு வந்தார். விரலைத் தண்டவாளத்தோடு நகர்த்திக்கொண்டு போய்ப் பாலத்தடியில் நிறுத்தினார். அங்கே இரண்டு பசைக் கறைகள் இருந்தன. சிங்களத்தில் ஏதோ கேட்டார். சரி, நீதி கேட்க ஓர் ஆள் வந்திருக்கிறார் என்று நான் முன்னால் போனேன்.

“அதில சென்ரி இருந்தது. அப்பா எடுத்துப்போட்டார்.”

அவருக்குத் தமிழ் தெரியாது. சென்ரி என்ற சொல்லுக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார், கறையைப் பார்த்தார், பிறகு அப்பாவை நெடுநேரம் பார்த்தார். அம்மாவின் விரல்கள் என் தோளில் பதிந்தன, நோவில் நெளிந்தேன்.

அப்பா ஆணியை எடுத்தார். பாதை வேலையில் பொறுக்கிய சிங்களத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே குந்தியிருந்து, ஒரு தீக்குச்சிக்கு அடியில் கல் இறுக்கிக் காட்டினார். ஆமிக்காரர் குனிந்து பார்த்தார். அந்தப் பயறளவு கற்களில் என்ன கண்டாரோ, துவக்கைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு நூலைப் பிடித்து இழுத்தார். ரயில் எங்கேயும் துள்ளாமல் கந்தளாய் போய் நின்றது.

“கெக்கிராவை?” என்று கந்தளாய்க்கும் அப்பாலுள்ள ஊரைக் கேட்டு, பலகைக்கு வெளியே கையைக் காட்டினார்.

பலகையின் நீளம் காணாது என்று அப்பா கையாலேயே சொன்னார். ஆமிக்காரர் சிரித்தார். போக முதல், பெருவிரல் நகத்தால் அந்த இரண்டு கறையையும் சுரண்டித் துடைத்துவிட்டுப் போனார். இவரும் அப்பாவின் கட்சிதான் என்று எனக்கு மனம் விட்டுப்போனது.

அவர்கள் அடுத்த வீட்டுக்குள் போன சத்தம் கேட்டபின், அப்பா முற்றத்தில் கீழ்க்காய்நெல்லிக் கொப்பொன்று முறித்து வந்து பாலத்தடியில் நட்டார்.

“இதில ஒரு வேம்பு நிண்டது” என்றார்.

“கண்ணால கண்டதோ?”

“ஓம். நான் கண்டது.”

கொப்பு நிற்கவில்லை. மூன்று தரம் சாய்ந்து விழுந்தது. தீக்குச்சிக்கு அடியில் கல் வைத்த கை, இப்போது நடுங்கிக்கொண்டிருந்தது. பாவம், அப்பாவுக்கு வயது போய்விட்டது, இனி நுணுக்க வேலை ஏலாது என்று இரங்கி, கோபத்தை விட்டுக் கொப்பை வாங்கி நானே நட்டேன்.

அப்பாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது.