ஊதா வரிசையில் ஒரு காலடி

என் தோட்டத்தில் ஒரு காலடி இருந்தது. செருப்பில்லாத காலடி.

போன மாதம், ஒரு காலை ஏழு மணி. மலைமேல் இருக்கும் எங்கள் கட்டபெட்டில் அந்த நேரத்துக்கு மூட்டம் ஜன்னல் கம்பி வரைக்கும் வந்து நிற்கும். காபி டம்ளரோடு பிராக்கோலிப் பாத்திக்குப் போனேன். மூன்று வரிசை நட்டிருந்தேன். நடு வரிசை மட்டும் இல்லை. யாரும் தின்னவில்லை. பிடுங்கி ஓரமாகப் போட்டிருந்தார்கள்... அவ்வளவுதான். இரண்டு பக்கமும் இருந்த வரிசைகளில் ஓர் இலை கூடக் கசங்கவில்லை.

நடுவில், ஈர மண்ணில், அந்தக் காலடி. என் காலைவிட அகலம். குதிகால், பாதம், ஐந்து விரல். விரல்களைப் பார்த்தபோதுதான் டம்ளரை வைத்துவிட்டுக் குனிந்தேன். ஐந்தும் ஒரே அளவு, ஒரே கோட்டில். கட்டைவிரல் எது, சுண்டுவிரல் எது?

விதை போட்ட நாளிலிருந்து அந்தச் செடிகளைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டேன். கடையில் கிடைக்கும் பச்சை ஒன்று. கோபுரம் கோபுரமாகச் சுருண்டு வரும் இளம்பச்சை ஒன்று. பெரிய பூவாக வராமல் பக்கக் கிளைகளில் சின்னச் சின்ன ஊதா மொட்டாக விடுகிற ரகம் ஒன்று; அதுதான் நடு வரிசை. மூன்றுக்கும் விதை கடுகு மாதிரிதான். முளைத்தபோது இரண்டிரண்டு இலையோடு ஒன்றுபோலவே இருந்தன. ஐஸ்கிரீம் குச்சியில் பெயர் எழுதிக் குழித்தட்டில் குத்தி வைக்காவிட்டால் எனக்கே தெரியாது.

ஊதாவுக்குப் பொறுமை வேண்டும். மற்றவை மூன்று மாதத்தில் பூ வைத்துவிடும். இது ஒரு குளிர்காலம் முழுக்க நின்றால்தான் மொட்டு விடும். அத்தனை மாதம் நிற்க வேண்டிய செடியாயிற்றே என்று அந்த வரிசைக்கு மட்டும் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினேன்.

தட்டில் மிச்ச நாற்று இருந்தது. அன்றைக்கே மறுபடி நட்டேன். மனசு கேட்காமல் புண்ணாக்கையும் இரண்டு பங்காக ஊற்றினேன்.

பால்காரரிடம் காலடியைக் காட்டினேன். குனிந்து பார்த்தவர் கேனைக் கீழே வைக்கவே இல்லை.

"ஏனுங்க, முன்னாடி இந்த ஊட்டுல குடியிருந்த அம்மாவும் செருப்பே போட மாட்டாங்க. எந்நேரமும் இந்த மண்ணுலதான் நிப்பாங்க."

"இப்ப எங்க இருக்காங்க?"

"செத்து மூணு வருசமாச்சுங்களே!"

மறுநாள் சாயங்காலம் நாலு மணி. மூட்டம் இறங்கிவிட்டது. கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். பாத்திப் பக்கம் ஒரு சத்தம். பல் இல்லாத யாரோ பாயசத்தை உறிஞ்சுவது மாதிரி... உறிஞ்சி, நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி உறிஞ்சுகிற சத்தம்.

"யாரு?" என்றேன்.

சத்தம் நின்றது. போகிற சத்தம் இல்லை. சும்மா நின்றது. அந்த வெள்ளைக்குள் ஏதோ ஒன்று என்னைப் போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்தது. நான் வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டபோது ஒரு கையில்தான் துணி இருந்தது. பாதித் துணி வழியெல்லாம் விழுந்து கிடந்தது.

காலையில் ஊதா வரிசை மறுபடி காலி. காலடிகள் இப்போது நாலைந்து.

நான் படித்தவள். பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. ஆகவே என்ன செய்தேன்? மனிதர்களில் தேடினேன். வெறுங்காலோடு என் தோட்டத்துக்குள் தினமும் வருகிறவர் யார்? புஷ்பம்.

புஷ்பம் சரிவில் அடுத்த கீழ் வீட்டுக்காரர். தேயிலை பறிக்கப் போகிறவர். அவர் வீட்டுக் குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் தண்ணீர். அதனால் என் பக்கவாட்டு கேட் வழியாக வந்து தினமும் இரண்டு குடம் பிடித்துப் போவார். "அக்கா, இது பூக்கோசுங்களா?" என்று ஊதாச் செடியைத் தொட்டுப் பார்த்தது அவர்தான். "இத்தன மாசம் வச்சுக் காப்பாத்தோணுமா? பேசாம வேற நட்டுப்போடுங்கக்கா" என்று சொன்னதும் அவர்தான்.

போதாதா சாட்சி?

கேட்டில் ஒரு பூட்டு போட்டேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று காலை திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். புஷ்பம் வந்தார். பூட்டைத் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றார். குடங்களை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். கூப்பிடவே இல்லை.

அதற்கப்புறம் இரண்டு நாள் தோட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பார்த்தாயா, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிடுங்குவதற்கு அங்கே நாற்றே மிச்சமில்லை என்பது தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை கீழே ஓர் அலறல். குடம் கல்லில் உருண்டு போகிற சத்தம். ஓடினேன்.

தேயிலைத் தோட்டத்துக்கும் சோலைக் காட்டுக்கும் நடுவில் ஒற்றையடிப் பாதை. அதன் கடைசியில் ஓர் ஊற்று. என் குழாய் இல்லாததால் புஷ்பம் அங்கே போயிருக்கிறார். பாதித் தூரத்தில் மூட்டத்துக்குள் யாரோ ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து நின்ற மாதிரி இருந்ததாம். "யாருங்க அது?" என்று கேட்டிருக்கிறார். அது நிமிர்ந்து இரண்டு காலில் நின்று திரும்பியிருக்கிறது. கரடி! ஓடிய புஷ்பம் தடுப்புச் சுவரிலிருந்து விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கரடி அதன் வழியில் போய்விட்டது.

மத்தியானம் வனக் காவலர் வந்தார். என் பாத்தியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"இங்கயும் வந்திருக்குதுங்களே. பின்னங்கால் அப்படியே மனுசக் கால் மாதிரிதானுங்க இருக்கும். இந்தச் செடிக்கு என்ன போட்டீங்க?"

"கடலைப் புண்ணாக்கு."

"கோயில் வெளக்குல ஊத்துற எண்ணெ வாசத்துக்கே கதவ ஒடைக்கிற சாதிங்க அது. நீங்க எலை போட்டு விருந்தே வச்சிருக்கீங்க! மண்ணோட சேர்த்து உறிஞ்சியிருக்கும்."

அப்படியானால் அன்று சாயங்காலம் எனக்கும் அதற்கும் நடுவில் பத்தடி இருந்திருக்குமா? கொடியில் தொங்கிய ஒரு புடவை மட்டும்தானா?  ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது அது இல்லை.

புஷ்பத்தைப் பார்க்கப் போனேன். கையில் மாவுக்கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"கேட்டப் பூட்டியிருந்துச்சுங்களா, உங்களுக்கே தண்ணி பத்தலையாட்ட இருக்குதுன்னு நெனச்சேங்க அக்கா. அதான் கேக்கல."

அதோடு விட்டிருக்கலாம். அவராகவே எனக்கொரு நல்ல காரணம் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார். ஆனால் அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டு பொய்க்குத் தலையாட்ட முடியவில்லை. சொல்லிவிட்டேன். காலடியைப் பார்த்ததும், நீங்கள்தான் என்று நினைத்ததும், திரைக்குப் பின்னால் நின்றதும்.

 புஷ்பம் புடவையைக் கொஞ்சம் தூக்கி, காலை முன்னால் நீட்டினார். சின்னக் கால். சின்னப் பெண்பிள்ளையின் கால் அளவுதான் இருக்கும். வெடித்த குதிகால், ஒருபக்கம் சாய்ந்த கட்டைவிரல்.

"இத்தன நாளு வந்து போனனுங்களே," என்றார். "என் கால நீங்க பாத்ததே இல்லீங்களா?"

பேய் இல்லை என்று சொல்லிக் கொடுத்த படிப்பு, பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்படும்போது மட்டும் வாயே திறக்கவில்லை, பார்த்தீர்களா? தெரியாத ஒன்றுக்குப் பயந்தால் தெரிந்த ஒருவர் தலையில் கட்டிவிடுகிறோம். அப்போதுதான் நமக்குத் தூக்கம் வருகிறது.

இப்போது தினமும் இரண்டு குடம் தண்ணீர் நான்தான் கொண்டுபோய் வைக்கிறேன். "வெய்யுங்க" என்கிறார், "வாங்க" என்கிறார், "உக்காருங்க" என்கிறார்.

'அக்கா' என்று மட்டும் கூப்பிடுவதில்லை.