விமானம் ஏறவிருந்த பைக்குக்குப் பெட்ரோல் அடித்தது யார்?

போன வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்த கையோடு, கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் நடந்தது இது. என் பைக்கை விமானத்தில் நேபாளத்துக்கு அனுப்புவதற்காக, மரப்பெட்டி அடிக்கும் இடத்துக்குக் கொண்டு போயிருந்தேன்.

பைக்கை பிளேனில் அனுப்புவதா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கேட்காத ஆளே இல்லை. நான் கணக்காளராக இருக்கும் தேயிலை ஏற்றுமதிக் கம்பெனியில், "அங்க போய் வாடகைக்கு எடுத்து ஓட்டினா ஆகாதா, காசு கொழுத்துப் போச்சா?" என்று முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். கொழுப்பெல்லாம் ஒன்றும் இல்லை. சின்ன வயதில் வந்த போலியோ என் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. எல்லா பைக்கிலும் கியர் இடது காலில்தான் இருக்கும். என் பைக்கில் மட்டும் அதை வலது காலுக்கு மாற்றி, பின் பிரேக்கை இடது கைக்குக் கொண்டு வந்திருக்கிறேன். சைட் ஸ்டாண்டும் வலது பக்கம்தான். உலகத்தில் எந்த வாடகைக் கடையிலும் இப்படி ஒன்று கிடைக்காது. அதேபோல என்னைத் தவிர வேறு யாரும் இதை ஓட்டவும் முடியாது. ஒரு நண்பர் வீம்புக்கு ஏறினார். பிரேக் என்று நினைத்து மிதித்தார், கியர் மாறியது, நேரே ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் போய் இறங்கினார்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் நான். கண் விழித்த நாளிலிருந்து மலைதான். இதைவிடப் பெரிய மலை எப்படி இருக்கும், அதில் ரோடு போட்டால் அந்த ரோடு எப்படி வளைந்து வளைந்து போகும் என்று பார்க்கிற ஆசை எனக்குப் பள்ளிக்கூட நாளிலேயே பிடித்துவிட்டது. கப்பலில் அனுப்பலாம் என்றால், நேபாளத்துக்குக் கடலே கிடையாது. எங்கேயோ இறக்கி, எங்கேயோ ஏற்றி, அது போய்ச் சேர்வதற்குள் என் லீவு முடிந்துவிடும். எங்கள் கம்பெனி தேயிலை மாதிரிகளை விமானத்தில் அனுப்புவதுண்டு. அதை ஏற்றிவிடும் ஏஜெண்டிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஏன் ஏலாது? ஆனா பெட்டியில போட்டுத்தான் வரணும்," என்றார்.

அன்றிலிருந்து எனக்கு இதே பைத்தியம். பைக்கை அப்படியே உருட்டிக்கொண்டு போய் விமானத்தில் ஏற்றிவிட முடியாது. முன் சில்லைக் கழற்ற வேண்டும், கைபிடியைத் தளர்த்தித் திருப்ப வேண்டும், பற்றரி வயரைக் கழற்றி முனையில் டேப் ஒட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, டேங்கில் பெட்ரோல் இருக்கவே கூடாது. ஒட்டிக்கொண்டிருக்கும் சில சொட்டுகளை மட்டும் மன்னிப்பார்கள். ஏர்போட்டில் நம்மிடம் தண்ணீர்ப் போத்தலை வாங்கி வைத்துக்கொள்கிறார்களே, அந்த மாதிரி.

பைக்கோடு நேபாளம் போவது எல்லோருக்கும் தெரியும், ஆனால் இந்த விதிகளை வீட்டில்கூட நான் யாருக்கும் சொல்லவில்லை. சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. சொன்னால் "நான் வந்து செஞ்சு தரவா?" என்று யாராவது வந்து நிற்பார்கள். அது எனக்கு ஆகவே ஆகாது. பஸ்ஸில் யாராவது எனக்காக எழும்பினால், அடுத்த ஹோல்ட்டில் இறங்கப் போகிறேன் என்று பொய் சொல்லி, கண்டி வரைக்கும் நின்றுகொண்டே போகிற ஆள் நான்.

பெட்டி அடிப்பதற்கு முந்திய வாரம் முழுக்க டேங்கைக் காலி செய்வதற்காகவே ஊரைச் சுற்றினேன். மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஹந்தானைக்குப் போனேன், வந்தேன், மறுபடியும் போனேன். "எதுக்குங்க இப்புடிச் சும்மா சுத்துறோம்? ஊர்க்காரங்க என்ன நெனைப்பாங்க?" என்று கேட்டாள். "சும்மாதான்," என்றேன். பெட்ரோல் முள் வேலை செய்யாமல் போய் வருடக் கணக்காகிறது. வண்டியை ஆட்டிப் பார்த்து, உள்ளே கேட்கும் சத்தத்தை வைத்துத்தான் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வேன்.

எங்கள் வீடு மடவளையில் ஒரு ஏற்றத்தின் உச்சியில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஏற்றத்தின் அடியில் குடையும் பையும் விற்கிற கடை வைத்திருக்கிறார். நாங்கள் அவரை நானா என்று கூப்பிடுவோம், முஸ்லிம் ஆட்கள் அண்ணனை அழைக்கிற மாதிரி. பெட்டி அடிப்பதற்கு முதல் நாள் மாலை, சரியாக அவர் கடைக்கு முன்னால் பைக் இருமி நின்றது.

"என்ன தம்பி, பெட்ரோல் முடிஞ்சா?" என்று வெளியே வந்தார்.

"அது பரவாயில்ல நானா," என்று முகம் கொடுக்காமல் சொல்லிவிட்டு, டேங்க் குழாயை ரிசேர்வுக்குத் திருப்பி வீட்டுக்கு ஏறிவிட்டேன். மனதுக்குள் ஒரே சந்தோஷம். கணக்குப் பிசகவில்லை, மிச்சம் பிலிமத்தலாவை வரைக்கும் காணும்.

மறுநாள் காலை ஹல்லொலுவை வழியாகப் புறப்பட்டேன். வளைவுகளில் சாயும்போது வண்டி கொஞ்சம் கனப்பது போல இருந்தது. பிரியப் போகிறோம், அதனால்தான் அப்படித் தோன்றுகிறது என்று நானே எனக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டேன்.

அந்த இடத்தில் வழக்கமாகப் பித்தளை விளக்குகளுக்குத்தான் பெட்டி அடிப்பார்கள். வேலைகளைப் பார்த்துக்கொள்வது ஹட்டன் பக்கத்து அம்மா ஒருவர். பைக்குக்குப் பெட்டி அடிப்பது அவருக்கும் அதுதான் முதல் தடவை. சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "டேங்க்கைத் தொறங்க சேர்," என்றார். திறந்தேன். விளிம்பு வரைக்கும் பெட்ரோல் தளும்பிக்கொண்டு நின்றது.

"சேர், ஏர்போட்டுக்கு அனுப்புற சாமானை இப்புடியா கொண்டு வருவாங்க?" என்றார் அந்த அம்மா.

மூடியைக் கையில் பிடித்தபடியே மறுபடியும் உள்ளே எட்டிப் பார்த்தேன். முதலில் வந்தது கோபம்கூட இல்லை, குழப்பம். நேற்று மாலை இருமி நின்ற வண்டி. இரவு முழுக்க வீட்டு வாசலில் பூட்டிக் கிடந்தது. நாட்டில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்த காலத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்து பெட்ரோல் செட்டில் கேனுக்கு அடிக்க மாட்டார்கள், வண்டியே நேரில் வர வேண்டும். வண்டியை என்னைத் தவிர யாரும் ஓட்ட முடியாது. அப்படியானால் இது எப்படி உள்ளே வந்தது?

யோசிக்க நேரம் இல்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு லொறி கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் புறப்பட்டுவிடும். அதற்குள் டேங்க் காலியாகி, வாசனை போகக் காற்றாடி, பெட்டிக்குள் போயிருக்க வேண்டும். "இந்த வாசத்தோட போனா அங்கேயே திருப்பி அனுப்பிருவாங்க," என்றார் அந்த அம்மா. இந்த லொறியை விட்டால் விமானத்தில் பிடித்து வைத்த இடம் போய்விடும். இடம் போனால் லீவு போய்விடும். இந்த ஒரு மாத லீவுக்காக முதலாளியிடம் எத்தனை வருடம் நடந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். இனி இன்னொரு தடவை தர மாட்டார்.

பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் பெட்ரோலை எதில் பிடிப்பது? அங்கே இருந்தது ஒரே ஒரு கேன்தான். அந்த அம்மா ரோட்டுக்குப் போய், எதிரே நின்ற திரீவீல்காரர்களைப் பார்த்து, "பெட்ரோல் சும்மா தாறோம், வாங்க," என்று கூப்பிட்டார். ஒருவரும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் மட்டும் மெதுவாக வந்து, குனிந்து மோந்து பார்த்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சும்மா பெட்ரோல் குடுக்கிற ஆளு இந்த நாட்டுல இன்னும் பொறக்கலையே அண்ணே. இதுல என்ன கலந்திருக்கீங்க?"

விமானம், பெட்டி, நேபாளம் என்று நான் விளக்க விளக்க அவருடைய சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் ஒரு சொட்டைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நல்ல சாமான்தான்டா!" என்று ரோட்டைப் பார்த்துக் கத்தினார். அவ்வளவுதான். போத்தலும் கேனுமாக என் பைக்குக்குப் பின்னால் ஒரு கியூ நின்றுவிட்டது.

அந்தக் கியூவைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் நானாவின் நினைவு வந்தது. பெட்ரோல் இல்லாத அந்த நாட்களில் வண்டியை உருட்டி உருட்டி, இரவு பகலாக வரிசையில் காத்துக் கிடக்க வேண்டியிருந்ததே. என்னால் உருட்டவும் முடியாது, அவ்வளவு நேரம் நிற்கவும் முடியாது. நானா வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் பைக்கைத் தள்ளிக்கொண்டு போய் எனக்காக நின்றார். எனக்கு வேறு வழியில்லை. விட்டேன். ஒரு நன்றிகூட ஒழுங்காகச் சொல்லவில்லை, யாரோ என்னிடம் கடன்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

உடனே மனைவிக்குப் போன் எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "என்னங்க, டேங்க்கைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பாத்தேன். யாரு வேலை இது?"

"நானாதாங்க. விடிய முந்தி தொழுதுட்டு வந்து கதவத் தட்டினாரு. 'தம்பிட கையில காசு இல்ல போல ஈக்கி. கேட்டா ஏசுவாரு. பாஷை தெரியாத ஊருல போய் எறங்கி பெட்ரோல் செட் தேடுவாரா?'ன்னு கேட்டாரு. நான்தான் சாவி எடுத்துக் குடுத்தேன்."

"சாவி சரி. அந்த வண்டிய ஓட்ட ஏலாதே. செட்டுக்கு எப்படிப் போச்சு?"

"தள்ளிக்கிட்டுத்தான். எறக்கத்துல பிரச்சினை இல்ல. மேல வரும்போது அவரு ஹேண்டிலப் புடிச்சாரு, நான் பின்னால இருந்து தள்ளினேன். நீங்க நல்லாத் தூங்கிட்டிருந்தீங்க."

நிறைந்த டேங்க்கோடு, அந்த ஏற்றத்தில். குழாயிலிருந்து யாரோ ஒருவருடைய போத்தலுக்குள் பெட்ரோல் ஓடிக்கொண்டிருந்தது. ஏசுவதற்காகத்தான் போனை எடுத்தேன். ஆனால் ஏசவில்லை. "சரி, வாறேன்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு, அங்கே கிடந்த ஒரு கதிரையில் உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க சேர், லொறிய நான் நிப்பாட்டி வைக்கிறேன்," என்றார். சொன்னபடியே நிறுத்தியும் வைத்தார். கடைசி ஆணியை அடித்து, பெட்டியை லொறியில் ஏற்றும்போது சாரதி ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு பஸ் மாறி மடவளைக்கு வந்தேன். ஒரு பொடியன் எழும்பி இடம் தந்தான், பேசாமல் உட்கார்ந்தேன். இறங்கியதும்தான் இன்னொன்று உறைத்தது. அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து நான் அந்த ஏற்றத்தை நடந்து ஏறியதே இல்லை. எப்போதும் பைக்தான். ஊன்றுகோலை ஊன்றி ஒரு இருபது அடி வைத்தேன். நெஞ்சு அடைத்தது. நின்றேன். நானா கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிட்ட வரவில்லை. வந்தால் நான் என்ன செய்வேன் என்று அவருக்குத் தெரியும்.

"நானா, கொஞ்சம் கையக் குடுங்க," என்றேன்.

அவர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு ஏறும்போதே நடந்ததை முழுக்கச் சொல்லிவிட்டேன். மறைக்க மனம் வரவில்லை. அவர் நடுவழியில் நின்றுவிட்டார். முகம் செத்துப் போயிற்று.

"அப்ப நான் உங்கட பயணத்தைக் கெடுக்கப் பாத்தீக்கிறேன். அல்லாஹ்வே. பிளேனுக்குப் பெட்ரோல் வேணும்தானே தம்பி?"

"பிளேனுக்கு வேணும் நானா. பைக்குக்குத்தான் வேணாம்."

அவர் சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. இரண்டு பேரும் பக்கத்து மதிலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தோம். அப்போதுதான், அந்தத் தட்டுப்பாட்டு நாட்களுக்கும் சேர்த்து அவருக்கு நன்றி சொன்னேன்.

பைக் ஒரு கீறலும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. நேபாளத்து மலைகளையும் கண் நிறையப் பார்த்துவிட்டு வந்தேன். அதைப் பற்றி யார் கேட்டாலும் விடிய விடியச் சொல்வேன். ஆனால் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது வேறொன்று. அன்று காலை அந்த ஏற்றத்தில் இவர்கள் இரண்டு பேரும் என்னைப் பற்றி என்ன பேசிக்கொண்டு வந்திருப்பார்கள்? ஒரு நாள் மனைவியிடம் கேட்டேவிட்டேன்.

"என்னத்தப் பேசுறது? மூச்சு வாங்குச்சு. பேசாமத்தான் தள்ளினோம்," என்றாள்.

நான் தனியாகவே ஏறி வந்தேன் என்று இத்தனை காலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்த ஏற்றங்களில், நான் தூங்கிக்கொண்டிருந்தபோது யார் யாரெல்லாம் பேசாமல் பின்னாலிருந்து தள்ளினார்களோ என்று இப்போதும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.