முப்பத்திநாலு இன்ச் இளவரசன்

டெய்லர் அக்காவின் இளவரசன் ஏழு வருடமாகக் கோட்டைச் சிறையில் கிடந்தான். அவனை எப்படி வெளியே கொண்டுவருவது என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

உள்ளே தள்ளியது அவள்தான். இரண்டாம் அத்தியாயத்தில், துரோகம் செய்த தாய்மாமன் கையால், மூன்று வாசல்களுக்குப் பின்னால் ஒரு கோபுரத்தில் அடைத்துப் பூட்டினாள். அப்போது பூட்டப் பூட்டச் சந்தோஷமாகத்தான் இருந்தது. துரோகியானாலும் மாமன் மாமன்தானே, அவனுக்கு ஒரு மகளும் இருந்தாள். முறைப்பெண். காதலுக்குக் குறைவில்லை. சாவிக்குத்தான் வழியில்லை.

அக்காவுக்கு வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு தையல் மெஷின், துணி வெட்டும் மேஜை, ஆளுயரக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. பெஞ்சின் மேல் வாடகை நூலகத்துக் கதைப் புத்தகங்கள். எல்லாம் ராஜா ராணிக் காதல். வாடிக்கையாளர்களுக்காக வைத்தது என்று பெயர், படித்ததெல்லாம் அக்காதான். ஒருநாள் ஒரு புத்தகத்தைப் பாதியில் மூடித் தூக்கிப் போட்டாள்.

"முதுகுப் பக்கம் பட்டன் வெச்ச உடுப்பாம். தனியா இருந்த ராணி ஒரு நிமிஷத்துல போட்டுக்கிட்டு ஓடினாளாம். கை என்ன ரப்பரா?"

பட்டன் தைத்துக்கொண்டிருந்த தங்கை நிமிரவே இல்லை. "அவ்வளவு தெரிஞ்சா நீயே எழுதேன், பார்ப்போம்."

அந்த 'பார்ப்போம்' அக்காவின் மானத்தைத் தொட்டுவிட்டது. எழுதினாள். ஒரு சட்டைக்கும் அடுத்த சட்டைக்கும் நடுவில், சாக்குக்கட்டித் தூள் படிந்த தாளில், முந்நூறு பக்கம் எழுதித் தள்ளினாள்.

பதிப்பாளரின் அலுவலகத்தில் நாற்காலியைவிடப் புத்தகக் கட்டுகள் அதிகம். அக்கா ஒரு கட்டின் மேல் உட்கார்ந்தாள். பதிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உடுப்பெல்லாம் பிரமாதம்மா. காதலும் நல்லா வந்திருக்கு. ஆனா கடைசியில, 'இரவோடு இரவாகத் தப்பினான்'னு ஒரே வரியில முடிச்சிட்டீங்களே, எப்படித் தப்பினான்?"

"கதவைத் திறந்துதான் சார்."

"மூணு கதவு. நீங்கதானே பூட்டினீங்க? ஒவ்வொண்ணுலயும் நாலு காவல்காரன் வேற நிறுத்தியிருக்கீங்க. முந்நூறு பக்கம் காத்திருந்தவங்க என்னைச் சும்மா விடுவாங்களா?" குரலைத் தணித்துக் கேட்டார். "கோட்டையை நேர்ல பார்த்திருக்கீங்களா?"

பார்த்திருந்தாள். பிஸ்கட் டப்பா மூடியில். அதைச் சொல்லவில்லை.

"மாசக் கடைசிக்குள்ள அவனை வெளிய கொண்டாங்க. இல்லேன்னா அந்த இடத்துல வேற கதை போயிடும்."

வீட்டுக்கு வந்து, "என்னங்க, ஒரு கோட்டையைப் பார்த்துட்டு வரலாமா?" என்றாள்.

அவள் கணவரைத் தெருவே மீட்டர்காரர் என்றுதான் சொல்லும். வீடு வீடாக நடந்து மின்சார மீட்டர் பார்த்தவர். மீட்டர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே அனுப்பக் கற்றுக்கொண்ட பிறகு, அலுவலகம் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து ஐந்து வருடமாகிறது. உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். ஆனாலும் ஒரு விஷயத்தில் அவருக்குத் தாங்கமுடியாத பெருமை. "கல்யாணத்தன்னிக்கு முப்பத்திநாலு, இன்னிக்கும் முப்பத்திநாலு," என்று எதிரில் வருகிறவரை நிறுத்திச் சொல்வார். நம்பாதவர்களுக்குக் கால்சட்டையின் இடுப்புப் பட்டையைத் திருப்பிக் காட்டுவார். வெள்ளை நாடாவில் சிவப்பு நூலால் 34 என்று அழகாகத் தைத்திருக்கும். தைத்தது யார்? டெய்லர் அக்கா. அவர் வாழ்நாளில் கடைக் கால்சட்டை வாங்கியதில்லை. வேறு யாரும் அவருக்கு அளவெடுத்ததுமில்லை. வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருப்பது கண்ணாடியில் தெரியத்தான் செய்தது. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் வாயு.

கோட்டை என்றதும் அவருக்கு முகம் சுண்டிப் போயிற்று.

"அவனுக்காகவா?"

"எவனுக்காக?"

"அதான், உன் இளவரசன். ஆறடி, அகண்ட மார்பு, முப்பது இன்ச் இடுப்பு. நானும் படிச்சேன். வீட்டுல ஒருத்தன் இருக்கேன், என்னைப் பத்தி ஒரு வரி உண்டா அதுல?"

"அவன் கற்பனைங்க."

"கற்பனைக்கு எதுக்கு இடுப்பளவு?"

ஆனாலும் வந்தார். தனியாக விட்டால் இவள் அங்கேயே இளவரசனோடு தங்கிவிடுவாள் என்று நினைத்தாரோ என்னவோ. தங்கையும் கூடவே கிளம்பினாள்; வேடிக்கை பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு விடியக் காலையில் பஸ் ஏறினார்கள்.

கோட்டைக்குள் கால் வைத்த கொஞ்ச நேரத்திலேயே அக்காவின் கதையில் பாதி கந்தலாகிவிட்டது. கதையில் மாமன் மகளான இளவரசி தரையைத் தொடும் உடுப்போடு கோபுரப் படிகளில் ஓடி இறங்குவாள். நிஜப் படிகள் ஒற்றை ஆள் அகலம். நடுவில் தேய்ந்து கிண்ணம்போலக் குழிந்திருந்தன.

"இதுல ஓடினா உருண்டுதான் போவா," என்றாள் அக்கா, சுவரைப் பிடித்தபடி. "உடுப்பை நாலு விரக்கடை ஏத்தித் தைக்கணும்."

மேலே போனால் காற்று ஆளைத் தள்ளியது. இளவரசி விளக்கேந்தி நின்ற மூன்று அத்தியாயங்களும் ஊதி அணைந்தன. வௌவால் நாற்றத்தில் முதல் முத்தமும் போயிற்று. அக்காவுக்கு வருத்தமில்லை, மாறாகக் கண்கள் பளபளத்தன. கல்லைத் தடவினாள், முகர்ந்தாள், கதவுத் தாழ்ப்பாளின் கனத்தைத் தூக்கிப் பார்த்தாள். பிஸ்கட் டப்பாவில் இதெல்லாம் இல்லை.

கோபுரத்தின் உச்சியறையில் ஒரு ஜன்னல். ஜன்னல் என்று மரியாதைக்குச் சொல்லலாம். கனத்த சுவரில் ஒரு கல் பொந்து. அதற்கு அந்தப் பக்கம், நாலடி கீழே, மதில் மேல் அகலமான நடைபாதை. மதிலுக்குக் கீழே ஆறு.

"இதோ வழி!" என்று கத்திவிட்டாள் அக்கா. கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவிப் பொந்தை அளந்தாள். முகம் மலர்ந்தது. "ஒல்லியான ஆள்னா போயிடலாம். முப்பது இடுப்பு தாராளமாப் போகும். முப்பத்திநாலு கூட..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் மீட்டர்காரர் அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.

"நகரு."

"வேண்டாங்க."

"ஏன்? உன் இளவரசன் போவான், நான் போக மாட்டேனா? முப்பத்திநாலு போகும்னு நீதானே இப்பச் சொன்னே?"

"சட்டை அழுக்காயிடும்ங்க."

"துவைச்சுக்கலாம்."

"உள்ள பூரான் இருக்கும்."

"அவனுக்கு மட்டும் பூரான் வழி விடுமா?"

அசல் காரணம் அக்காவின் தொண்டைவரை வந்து நின்றது. சொன்னால் ஐந்து வருடப் பொய் உடையும்; சொல்லாவிட்டால் மனிதர் பொந்துக்குள் போவார். அவள் யோசித்து முடிப்பதற்குள் தலை போயிற்று, தோள் போயிற்று, கைகள் போயின. வயிறு வந்ததும் கோட்டை அவரைப் பிடித்துக்கொண்டது.

கால்கள் இரண்டு முறை உதைத்தன. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு குரல். "ஒண்ணுமில்லை. வாயு."

தங்கை இறங்கிச் சுற்றி மதில் நடைபாதைக்கு ஓடினாள். அங்கே ஒரு சுற்றுலாக் கூட்டம் ஏற்கெனவே நின்று, சுவரிலிருந்து முளைத்த மீட்டர்காரரின் மேல் பாதியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

"அத்தான், சிரிங்க. எல்லாரும் படம் எடுக்கிறாங்க."

"போடி அந்தப் பக்கம். காவலாளியைக் கூப்பிடு."

காவலாளி வந்தார். உடம்பில் மீட்டர்காரருக்கு அண்ணன் மாதிரி இருந்தார். சுவரையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஜன்னல் சுருங்கிடுச்சு," என்றார் மீட்டர்காரர்.

"நானூறு வருஷமா இருக்கு சார். இதுவரைக்கும் சுருங்கினதில்ல."

"அப்ப நாலு கல்லை எடுங்க."

"கல்லை எடுக்க மேலிடத்து அனுமதி வேணும். படிக்கட்டுக்குக் கைப்பிடி கேட்டு எழுதினோம். எழுதினவர் ஓய்வுபெற்றுப் போயிட்டார், கைப்பிடி இன்னும் வரல."

"சரி, எனக்கு அனுமதி வேண்டாம். முப்பத்திநாலு இன்ச் ஆளு நான், ஒரு தம் கட்டினா வெளிய வந்துடுவேன்." மூச்சை இழுத்துக் காலால் தரையை உந்தினார். இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார்.

உள்ளே அக்கா பதறிப்போனாள். அவள் எதிரில் இருந்தது அவருடைய கீழ்ப் பாதி. இருபது வருடமாக அதற்குத் துணி வெட்டியவள் அவள். இன்னும் இரண்டு விரக்கடை போனால் இடுப்பெலும்பு சிக்கும், அப்புறம் முன்னும் இல்லை பின்னும் இல்லை. பின்னால்தான் வரவேண்டும். பின்னால் வரச் சொன்னால், முப்பத்திநாலு இன்ச் மனிதர் ஏன் வருவார்?

"முன்னால தள்ளாதீங்க!" என்று கத்தினாள்.

"என்ன சொல்றா?" என்றார் மேல் பாதி. சுவரின் கனத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தங்கை பொந்தின் இடுக்கில் காதை வைத்தாள்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "அவர்கிட்ட சொல்லு. அவர் முப்பத்திநாலு இல்ல. நாற்பத்திரண்டு."

தங்கைக்கு ரகசியம் என்றாலே உரக்கத்தான் சொல்லவரும். "அத்தான்! நீங்க நாற்பத்திரண்டாம்!"

கூட்டத்தில் படம் எடுத்தவர்கள் கையைத் தாழ்த்தினார்கள்.

"பட்டையில போட்டிருக்கே!"

"அது அக்கா தைக்கிறதாம். நம்பர் மட்டும் பழசாம், இடுப்பு புதுசாம்."

உள்ளே அக்காவுக்கு முன்னால் உந்திக்கொண்டிருந்த இரண்டு கால்களும் அப்படியே நின்றன. அந்த மனிதர் பெருமைப்பட்டுக்கொள்ள உலகத்தில் வேறு என்ன இருந்தது?

"ஏன்னு கேளு," என்றார் அவர். குரல் ரொம்பவும் இறங்கியிருந்தது.

தங்கை கேட்டாள். அக்கா அந்தக் கால்களைப் பார்த்தே பதில் சொன்னாள். "நாற்காலியில உட்காரச் சொன்னாங்களே, அன்னிக்கு வந்து சாப்பிடாமப் படுத்துட்டார். ரெண்டே மாசத்துல கால்சட்டை பத்தலை. இருக்கிற துக்கத்துல இது வேற எதுக்குன்னு ஒரு இன்ச் பிரிச்சுத் தைச்சேன். அப்புறம் நிறுத்த முடியல."

தங்கை இதை மட்டும் கத்தாமல் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று அக்காவுக்குக் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்துச் செய்தி திரும்பி வந்தது.

"அக்கா, உள்ள இழுத்துக்கோன்னு சொல்றார். மெதுவா இழுக்கணுமாம்."

கைப்பையிலிருந்த சின்னக் கத்தரிக்கோலால், தான் தைத்த தையலைத் தானே வெட்டினாள். பட்டை பிரிந்தது, கால்சட்டை இரண்டாயிற்று, கோட்டை பிடியைத் தளர்த்தியது. புழுதியும் சிராய்ப்புமாக உள்ளே வந்து விழுந்தவர், அக்காவைப் பார்க்காமல் கிழிந்த பட்டையை எடுத்து 34 என்ற நாடாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

காவலாளி தன் மாற்றுச் சீருடையைக் கொண்டுவந்து கொடுத்தார். அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது. மீட்டர்காரர் சட்டை மாட்டினார், பித்தளைப் பட்டன்களைப் போட்டார், தொப்பியையும் வைத்துக்கொண்டார். மூவரும் கீழே இறங்கினார்கள்.

முதல் வாசலில் ஒரு கூட்டம் அவருக்கு ஒதுங்கி வழி விட்டது. இரண்டாம் வாசலில் ஒருவர் அவரிடம் குடிதண்ணீர் எங்கே என்று கேட்டார். மூன்றாம் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த காவல்காரர் அதை மறைத்துக்கொண்டு எழுந்து ஒரு சலாம் வைத்தார். மீட்டர்காரர் தன்னையறியாமல் ஒரு தலையசைப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

அக்கா வாசலின் நடுவில் நின்றுவிட்டாள்.

"என்னாச்சு?" என்றாள் தங்கை.

"மூணு வாசல்," என்றாள் அக்கா. "ஒருத்தன் தடுக்கல."

பஸ்ஸில் மீட்டர்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பாதி தூரம் வந்ததும் அக்காவிடம் கேட்டார். "உன் இளவரசன் எத்தனை வருஷம் உள்ள இருந்தான்?"

"ஏழு."

"ஏழு வருஷம் உட்கார்ந்தே இருந்தவனுக்கு முப்பது இன்ச் இடுப்பா?"

"அதைத்தாங்க நானும் யோசிக்கிறேன்."

"அவனுக்கு யார் உடுப்பு தைச்சுக் குடுக்கிறா?"

"மாமன் மகள்தான்."

"சொல்லாமப் பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சிருப்பா," என்றார் வெளியே பார்த்தபடி. அவர் மீசை லேசாக அசைந்தது. "மாமன் ஆளு எப்படி?"

"நல்ல கனம். அவனுக்கும் அவள்தான் தைக்கிறா."

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன் இருக்கையில் இருந்த தங்கை, "அப்பாடா," என்று மிச்ச முட்டையை உரிக்க ஆரம்பித்தாள்.

மாசக் கடைசிக்கு முன்னால் பதிப்பாளர் படித்து முடித்தார். பொந்தில் சிக்கிய இளவரசன், உண்மையைச் சொல்லி இழுத்துப்போட்ட இளவரசி, பிறகு மாமனின் அங்கியில், மாமனின் நடையில், மூன்று வாசலிலும் சலாம் வாங்கிக்கொண்டு வெளியேறும் காட்சி.

"தொப்பையோட ஒரு இளவரசனா?" என்றார். "வாசகிகள் ஒத்துக்குவாங்களா?"

"அவங்க வீட்டுலயும் ஒருத்தர் இருப்பார் சார்."

பதிப்பாளர் குனிந்து தன் சட்டைப் பட்டன்களைப் பார்த்துக்கொண்டார். அச்சுக்கு அனுப்பினார்.

புத்தகம் வந்த அன்று மீட்டர்காரர் முன்னறைப் பெஞ்சில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை இரண்டு முறை படித்தார். "நாற்பதுன்னு போட்டிருக்கே?"

"இளவரசன் இல்லைங்களா, கொஞ்சம் குறைச்சுப் போட்டேன்."

எழுந்து கண்ணாடி முன்னால் போய் நின்றார். கைகளை விரித்தார். "எனக்கு ஒரு கால்சட்டை. இந்தத் தடவை சரியா அளந்து, உள்ளதைத் தைக்கணும்."

அக்கா நாடாவை அவர் இடுப்பைச் சுற்றிப் போட்டு இழுத்துப் பிடித்தாள். நாற்பத்திமூன்று.

"எவ்வளவு?"

"நாற்பத்திரண்டுதாங்க."

அவர் குனிந்து நாடாவைப் பார்க்கவில்லை. "பார்த்தியா," என்றார் கண்ணாடியைப் பார்த்து. "கோட்டைக்குப் போனதுலேருந்து ஏறவே இல்லை."