ஸ்பான்சர் வேண்டாத டாக்டர்

அந்த ஸ்கேன் சென்டரில் அவரை எல்லோரும் 'படம் டாக்டர்' என்றுதான் சொன்னார்கள். தரைக்குக் கீழே ஜன்னலில்லாத ஓர் அறை. மெஷினுக்காகப் போட்ட ஏசியில் மனிதன் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு திரைகள், ரிப்போர்ட் சொல்ல ஒரு மைக், சக்கரம் உடைந்து ஒருபக்கமாகச் சாய்ந்த நாற்காலி. வேறு நாற்காலி கொடுங்கள் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்பது அவர் வழக்கமில்லை. ஓர் அட்டையை நாலாக மடித்து, உடைந்த காலுக்கு அடியில் செருகிக்கொண்டார்.

முதலாளி சென்டர் தொடங்குவதற்கு முன்னால் பாத்ரூம் டைல்ஸ் விற்றவர். இப்போது ஈரல் படமும் மூளைப் படமும் விற்கிறார். அவருக்கு இரண்டு வியாபாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

"ஒரு படத்துக்கு ரெண்டு நிமிஷம் போதாதா டாக்டர்? டைல்ஸ்ல கீறல் இருக்கான்னு நான் ஒரே பார்வையில சொல்லிடுவேன்" என்பார்.

படம் டாக்டரின் உதட்டோரம் சின்னதாக ஒரு வளைவு விழும், அவ்வளவுதான். அந்த வளைவு முதலாளிக்கு மட்டுமில்லை. நகரத்தில் பாதி ரேடியாலஜிஸ்டுகளுக்கும் அதுதான் மரியாதை. பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள், தெரியாததை எல்லாம் 'நோயாளியின் அறிகுறிகளோடு பொருத்திப் பார்க்கவும்' என்ற ஒரே போர்வைக்குள் மூடுகிறவர்கள், அப்புறம் மாட்டிக்கொண்டு திருத்தக் குறிப்பு எழுதுகிறவர்கள். ஒருமுறை கொடுத்த ரிப்போர்ட்டில் தப்பு இருந்தால், 'இன்னதை இப்படிப் படிக்கவும்' என்று கீழே சேர்க்கும் வரிதான் திருத்தக் குறிப்பு. ஒன்பது வருஷத்தில் அவர் ஒன்றுகூட எழுதியதில்லை. படத்தின் நடுவை எந்த மடையனும் பார்ப்பான், மூலையைப் பார், எழுத்து இருந்தால் அதையும் படி என்று டெக்னீஷியன்களை விரட்டுவார்.

அப்படிப்பட்டவருடைய கையெழுத்தை, அவர் பார்க்காத படங்களுக்கும் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து ஒட்டி அனுப்பத் தொடங்கினார் முதலாளி. தெரிந்த அன்றே டாக்டர் வெளிநாடு போய்விடுவது என்று முடிவு செய்தார். போக நினைத்த நாட்டின் டாக்டர் தேர்வுகளை ஒரே மூச்சில் எழுதித் தேறினார். அங்கே டாக்டராகப் பதிவும் ஆகிவிட்டது. பாக்கி, வேலை மட்டும்தான்.

முதலில் ஓர் ஏஜென்டிடம் போனார். மாடியில் அறை, மேஜைமேல் பிளாஸ்டிக் உலக உருண்டை, கையில் தங்கக் கடிகாரம். வாயைத் திறந்தாலே பொய் வரும் முகம் என்று பார்த்ததுமே கணித்துவிட்டார்.

"வேலை கிடைச்சிடும் சார். ஸ்பான்சர் பண்ற ஆஸ்பத்திரி கிடைக்கறதுதான் குதிரைக்கொம்பு."

"எனக்கு எவன் ஸ்பான்சரும் வேணாம்" என்று எழுந்துவந்துவிட்டார். அன்றைக்கு அந்த ஏஜென்ட் சொன்ன ஒரே உண்மை அந்தக் குதிரைக்கொம்புதான்.

ஸ்பான்சர் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு பணக்காரர் நோட்டுப் புத்தகம் கொடுப்பார். அட்டை முழுக்க அவர் முகம், கீழே கொட்டை எழுத்தில் ஸ்பான்சர் என்று இருக்கும். பிள்ளைகள் வரிசையில் நின்று, வாங்கி, சிரித்து, போட்டோவுக்கு மறுபடியும் சிரிக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் அந்த முகத்துக்கு மீசை வரைந்தார்கள். இவர் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, வெற்று நோட்டிலேயே படித்தார். லாரி டிரைவர் பெற்ற பிள்ளை, அந்தத் தெருவிலேயே முதலில் காலேஜுக்குப் போனவர், யார் சிபாரிசுமில்லாமல் டாக்டரானவர். அதை அவரும் மறக்க மாட்டார், அடுத்தவரையும் மறக்க விட மாட்டார்.

ஆக, இணையத்தில் தானே விண்ணப்பித்தார். ஒவ்வொரு படிவத்திலும் அந்தக் கேள்வி வந்தது: உங்களுக்கு ஸ்பான்சர்ஷிப் தேவையா? ஒவ்வொன்றிலும் 'தேவையில்லை' என்று அழுத்தினார். அழுத்தும்போது ஒரு சுகம்கூட இருந்தது.

ஏழு ஆஸ்பத்திரிகள் உடனே கூப்பிட்டன. ஏழும் கடைசிக் கட்டத்தில் வாயை மூடிக்கொண்டன. ஒருத்தனுக்கு நம் தோல் பிடிக்கவில்லை, ஒருத்தனுக்குத் தன்னைவிடக் கெட்டிக்காரன் வந்தால் பயம், ஒருத்தி பேசத் தெரியாதவள் என்று டாக்டரே மனசுக்குள் ஆளுக்கொரு காரணம் எழுதி மூடினார். எட்டாவதாக ஒன்று கூப்பிட்டது. அதற்குள் முதலாளி மூன்று வருஷ ஒப்பந்தத்தை நீட்டி, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்றிருந்தார். இதுவும் போனால் அந்தக் குளிரறைதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டிலிருந்தே வீடியோவில் பேசினார். கேமராவில் படாமல் மனைவி கதவோரம் நின்றாள். அங்கே தலைமை ரேடியாலஜிஸ்ட், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்ட கிழவர், ஒரு மார்புப் படத்தைக் காட்டினார்.

நெஞ்சில் ஒன்றுமில்லை, மேல்மூலையில் தோள் எலும்பில் ஒரு கீறல் இருக்கிறது என்றார் இவர். கிழவரின் கண்ணாடி கீழே இறங்கியது. இதைக் கண்டுபிடித்தவர்கள் இதுவரை மூன்றே பேர்தான் என்றார்.

வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரி, ஒரு பெண், அடுத்த மாதமே சேர முடியுமா என்று கேட்டாள். விசா வந்ததும் சேர்கிறேன் என்றார். அவள் அவருடைய விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தாள். ஸ்பான்சர்ஷிப் தேவையில்லை என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள் என்றாள்.

"ஆமாம். எனக்கு யார் தயவும் வேண்டாம். டிக்கெட், தங்குமிடம் எல்லாம் என் சொந்தச் செலவு" என்று அவர்கள் பாஷையிலேயே நிமிர்ந்து சொன்னார்.

கிழவர் இருமிவிட்டு அவளிடம் ஏதோ சொன்னார். இப்படி மாற்றி எழுதுவதைப் பொய் என்றுதான் எடுத்துக்கொள்வோம், தலைமை டாக்டர் சொல்வதால் ஒரு வாய்ப்பு, வெள்ளிக்கிழமைக்குள் காரணத்தோடு திருத்தி அனுப்புங்கள் என்று சொல்லி அவள் முடித்துக்கொண்டாள்.

"பாத்தியா திமிர? கையேந்திக் கேக்கணுமாம்" என்றார் மனைவியிடம்.

அவள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். படிவத்தைத் திறந்து, கேள்விக்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல் இருந்த வரியைப் படித்தாள்.

"என்னங்க, இந்த ஸ்பான்சர்னா செலவு பண்றவன் இல்ல. 'இவரு எங்க ஆளு, வேலை செய்ய விடுங்க'ன்னு ஆஸ்பத்திரி அந்த ஊரு கவர்மெண்ட்டுக்கு எழுதிக் குடுக்கறது. வேணாம்னு அழுத்தினா, ஏற்கெனவே அங்க வேலை செய்ய அனுமதி இருக்குன்னு அர்த்தம்." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்ப அந்த ஏழு பேரு?"

அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து அந்த வரியைப் படித்தார்.

"மூலையப் பாருன்னு ஊரையே விரட்டுறீங்க. இந்த மூலையப் பாக்கலையே."

புதனும் போனது. தப்பு என்று தெரிந்தது, கை வரவில்லை. 'தேவை' என்று அழுத்தப் போனால் நோட்டு அட்டை முகம் எதிரே வந்து சிரித்தது.

வியாழக்கிழமை முதலாளியே கீழே இறங்கிவந்தார். ஒரு கையில் ஒப்பந்தம், இன்னொரு கையில் ஒரு ரிப்போர்ட். ஓர் அம்மாவுக்குப் பித்தப்பை நன்றாக இருக்கிறது என்று படம் டாக்டர் கையெழுத்தோடு போயிருக்கிறது. அந்த அம்மாவுக்குப் பித்தப்பையை எடுத்தே ஆறு வருஷமாயிற்று.

"பெரிய விஷயமில்ல டாக்டர். ஒரு திருத்தக் குறிப்பு போட்டுடுங்க. ஒரு வரிதானே."

"நான் பாக்காத படம். எழுதினவனையே திருத்தச் சொல்லுங்க."

"யாரு எழுதினா என்ன? பேரு உங்க பேருதானே?"

"அதனாலதான் எழுத மாட்டேன். அந்த அம்மாவுக்கு நானே போன் பண்ணி, இது நான் பாத்த படமில்லன்னு சொல்லிடுறேன்."

முதலாளிக்கு முகம் கறுத்தது. ஒப்பந்தத்தை மேஜைமேல் எறிந்துவிட்டு மாடியேறினார். டாக்டர் அந்த அம்மாவுக்குப் போன் பேசி முடித்தார். பிறகு அதே திரையில் படிவத்தைத் திறந்தார். தன் பெயரில் அடுத்தவன் செய்த தப்புக்கு ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்றாயிற்று. தானே செய்த தப்புக்கு எழுத என்ன கேடு? 'தேவை' என்று அழுத்தினார். காரணம் கேட்ட கட்டத்தில் விரல்கள் வேலைப் பழக்கத்தில் தாமாகவே ஓடின.

'திருத்தக் குறிப்பு: முன்பு தேவையில்லை என்று தெரிவித்திருப்பதைத் தேவை என்று படிக்கவும். கேள்வியின் கீழ்வரியைப் படிக்கவில்லை. தவறு என்னுடையது.'

ஒன்பது வருஷத்தில் முதல் குறிப்பு. அனுப்பிவிட்டு அடுத்த படத்தைத் திறந்தார்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. ஸ்பான்சர் கடிதத்துக்கான வேலை தொடங்கிவிட்டது, பாஸ்போர்ட் நகல் அனுப்பவும் என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். கீழே கிழவர், எங்கள் ரிப்போர்ட்டுகளையும் இப்படித் திருத்த ஆள் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தார். கிழவருக்கும் கொஞ்சம் திமிர்தான் என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் முதலாளி ஆள் அனுப்பினார்: கையெழுத்துப் போட்டாயிற்றா? டாக்டர் குனிந்து, நாற்காலிக் காலுக்கு அடியில் நைந்துபோயிருந்த அட்டையை உருவி எறிந்தார். ஒப்பந்தத்தை நாலாக மடித்து அங்கே செருகினார். உட்கார்ந்து பார்த்தார். நாற்காலி ஆடவில்லை.

"அடுத்து வர்றவருக்கு வேணும், எடுத்துடாதீங்கன்னு சொல்லு" என்றார்.